மலையிலிருந்து நிலாவெளிக்கு

மலைநாட்டிற் பிறந்து வளர்ந்த மாணவனுக்கு நெய்தல் திணையைக் கற்பித்தல் எளிய செயலன்று. குறிஞ்சியைக் கற்பிக்கும் வேளையில் வகுப்பறைச் சாளரத்தைத் திறந்துவிட்டாற் போதும். கடுகண்ணாவைக் கணவாயின்மீது தவழும் மூடுபனியும், தொலைவிலே செங்குத்தாய் எழுந்து நிற்கும் பத்தலேகலப் பாறையும், சரிவுகளில் இறங்கும் நீரோடைகளும் உரைகாரர் வேலையைத் தாமே செய்துவிடும். நெய்தலுக்கு வரும்போதோ நமக்குத் துணையாய் நிற்பவை கரும்பலகையும் வெண்கட்டியுமே. தாழை, புன்னை, அடம்பங்கொடி, உப்பங்கழி எல்லாம் சொற்களாகவே வந்து சொற்களாகவே போகின்றன. பதினைந்து வயது நிரம்பியும் கடலைக் கண்ணாற் காணாத பிள்ளைகள் இன்றும் நம் வகுப்புகளில் இருக்கின்றனர். நெய்தலின் முதல், கரு, உரிப்பொருள்களைப் பிழையின்றி எழுதி அவர்கள் முழுப் புள்ளியும் பெறுகின்றனர். ஆயினும் கடல்நீர் உப்புக் கரிக்கும் என்பதை நாவால் அறிந்தாரில்லை.

ஆகவே, ஆண்டுக்கொருமுறை ஒரு பகற்பொழுதேனும் மாணவரைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லல் வேண்டும் என்பது நம் நெடுநாளைய கருத்து. எந்தக் கடற்கரைக்கு, எந்த மாதத்தில் என்பதே வினா. வரைபடத்தை விரித்து நோக்குவோர் நீர்கொழும்பையோ கொழும்பையோ சுட்டுவர். அவை நமக்கு அண்மையானவை. இரண்டு மூன்று மணி நேரத்திற் சென்றடையலாம். ஆயினும் பாடசாலை விடுமுறை கிடைக்கும் ஆவணி மாதத்தில் மேற்குக் கரையிற் கடல் கொந்தளித்துக் கிடக்கும்; கரையில் நின்று அலையைப் பார்த்துவிட்டுத் திரும்பலாமேயன்றி, சிறுவரைக் காலை நனைக்க விடுவதற்கும் அஞ்சவேண்டும். அதே நாளில், அதே நாழிகையில், திருக்கோணமலைக்கு வடக்கே நிலாவெளியிற் கடல் குளம்போல் அடங்கியிருக்கும். அங்கிருந்து ஒரு கிலோமீற்றரளவு தொலைவிற் புறாத்தீவு என்னும் சிறு தீவொன்றும் உண்டு. ஏறக்குறைய இருநூறு கிலோமீற்றர் செல்லவேண்டியிருந்தும் நாம் அக்கரையையே தேர்வதற்கு இதுவே காரணம்.

ஒரு சிறு நாட்டின் இரு கரைகள் ஒரே நாளில் இவ்வாறு மாறுபட்டிருப்பது எங்ஙனம்? விடை நம் கடுகண்ணாவையிலேயே இருக்கின்றது.

வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை தென்மேற்குப் பருவக்காற்று இலங்கைமீது வீசுகின்றது. இந்து சமுத்திரத்தின்மீது ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் ஓடிவரும் இக்காற்று, வரும் வழியெல்லாம் நீராவியை அள்ளிக்கொண்டு வருகின்றது. கேகாலைப் பக்கத்துத் தாழ்நிலங்களைக் கடந்து வந்த காற்றுக்கு மத்திய மலைநாட்டின் மேற்கு விளிம்பு மதில்போல் எதிர்ப்படுகின்றது. அவ்விளிம்பின்மீது, கடல்மட்டத்திலிருந்து ஐந்நூறு மீற்றரளவு உயரத்தில் அமைந்ததே நம்மூர். மதிலை ஊடுருவ மாட்டாத காற்று மேலெழுகின்றது, மேலெழுந்தால் விரிகின்றது, விரிந்தாற் குளிர்கின்றது, குளிர்ந்தபின் தாங்கமாட்டாத நீராவியை மழையாக இறக்கிவிடுகின்றது. ஆனி, ஆடி மாதங்களிற் காலையில் உலர்த்திய துணி மாலையிலும் உலராமைக்கு நாம் யாரை நோகிறோமோ அந்தக் காற்றின் செயலே இது.

மலையைத் தாண்டிய காற்று மறுபுறம் இறங்கும்போது முற்றிலும் வேறொரு காற்றாகிவிடுகின்றது. நீரை இழந்துவிட்டமையால் அது வறண்டது. கீழிறங்கும்போது அமுக்கம் மிகுவதால் வெப்பமும் அடைகின்றது. ஈரக்காற்று மேலேறும்போது நூறு மீற்றருக்கு ஏறக்குறைய அரைப்பாகைதான் குளிரும். ஏனெனில் நீராவி நீராகும்போது வெளிவிடும் வெப்பம் குளிர்ச்சியை ஓரளவு ஈடுசெய்துவிடும். வறண்ட காற்று இறங்கும்போதோ நூறு மீற்றருக்கு ஒரு பாகை வீதம் சூடேறும். ஏறும்போது இழந்ததைவிட இறங்கும்போது பெறுவது மிகுதியாதலின், மலைக்கு அப்பால் அக்காற்று அனற்காற்றாய் வீசுகின்றது. தம்புள்ளையைத் தாண்டியதும் பஸ் வண்டியின் சாளரத்தினூடே முகத்தில் மோதும் வெப்பத்தை அனுபவித்தோர் இதனை எளிதில் உணர்வர்.

இக்காற்றுத் திருக்கோணமலைக் கரையை அடைகையில் நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுகின்றது. இதுவே நுட்பமான செய்தி. நீர்ப்பரப்பின்மீது காற்று நெடுந்தூரம் ஓடினாலன்றிப் பேரலை எழாது. மேற்குக் கரையில் மோதும் அலை சமுத்திரம் முழுவதையும் ஓடுகளமாகக் கொண்டு வளர்ந்தது. கிழக்குக் கரையிலோ காற்று அப்போதுதான் நீரைத் தொடுகின்றது. அன்றியும், அக்காலத்தில் அங்கே மழை அருகியிருப்பதால், ஓடைகள் சேற்றைக் கொணர்ந்து கடலைக் கலக்குவதுமில்லை. ஆகவே நீர் அடங்கியும் தெளிந்தும் காணப்படுகின்றது. ஐப்பசிக்குப் பின் வாடைக்காற்று எழும்போது முறை தலைகீழாகும். திருக்கோணமலை ஆண்டில் மிகுந்த மழையைப் பெறுவதும், நிலாவெளிக் கடல் சீறுவதும், புறாத்தீவுக்கு வள்ளம் விடுதல் அரிதாவதும் அப்போதுதான். மார்கழி விடுமுறையில் அங்கே போகத் திட்டமிடுவோர் இதனை நினைவிற் கொள்க.

காற்றுக்குப் பெயரிடுவதில் நம் கரையோர மக்கள் கைதேர்ந்தவர்கள். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். தெற்கிலிருந்து வருவது சோளகம். மேற்கிலிருந்து வருவது கச்சான். கிழக்கிலங்கையில் 'கச்சான் காலம்' என்றால் வெயிலும் வறட்சியும் மிகுந்த இந்த மாதங்களையே குறிக்கும். நிலக்கடலையையும் நாம் கச்சான் என்றே அழைக்கின்றோம். வகுப்பிலே கச்சான் காற்று என்றதும் பின்வரிசையில் எழும் சிரிப்புக்கு இதுவே காரணம். காற்று வேறு, கடலை வேறு என்று விளக்குவதற்குள் மணி அடித்துவிடும்.

இக்காற்றின் முறையை நூலாற் கற்றவர் நாம். தொழிலாற் கற்றவர் மீனவர். மேற்குக் கரையிற் கடல் கொந்தளிக்கத் தொடங்கியதும், சிலாபம், நீர்கொழும்புப் பக்கத்து மீனவருட் பலர் வலைகளுடன் கிழக்குக் கரைக்குச் சென்று வாடி அமைத்துத் தங்குவதும், வாடைக்காற்று எழுமுன் ஊர் திரும்புவதும் தலைமுறை தலைமுறையாக நிகழ்ந்துவரும் வழக்கம். கடல் அடங்கிய இக்காலமே அங்கே கரைவலை இழுக்கும் காலமுமாகும். இருபுறமும் வரிசையாக நின்று அம்பாப் பாட்டின் தாளத்துக்கு வலையை இழுப்போரைக் காணும் மாணவன், தொழிற்பாடல் என்னும் பாடத்தை மறுமுறை படிக்கவேண்டியதில்லை.

காற்று மட்டுமன்று, நம்மூர் நீரும் அக்கரைக்கே செல்கின்றது. கடுகண்ணாவைக் கணவாய் ஒரு நீர்பிரி மேடு. அதன் மேற்கே விழும் மழை மகா ஓயாவுடன் கூடி மேற்குக் கடலைச் சேர்கின்றது. கிழக்கே விழுவது மகாவலியைச் சேர்கின்றது. அம்மகாவலி பேராதனையைத் தழுவிக் கண்டியைச் சுற்றி, 335 கிலோமீற்றர் நீளம் ஓடி, திருக்கோணமலைக்குத் தெற்கே கொட்டியாரக் குடாவிற் கடலோடு கலக்கின்றது. 1976ஆம் ஆண்டு பொல்கொல்லையில் அணை கட்டி, மலையைக் குடைந்து எட்டுக் கிலோமீற்றரளவு நீளமான சுரங்கத்தின் வழியே ஆற்றுநீரின் ஒரு பகுதியை உக்குவளைக்குத் திருப்பியபின், மகாவலி நீர் மின்சாரம் தந்து, அம்பன் கங்கையிற் சேர்ந்து, பழைய கால்வாய்களின் வழியே மின்னேரியா, கந்தளாய் முதலிய குளங்களையும் அடைகின்றது. நம் கூரையில் விழுந்த மழைத்துளி கந்தளாய் வயலிலே நெற்கதிராக நிற்பதும் கூடும் என்று சொன்னாற் பிள்ளைகள் நம்ப மறுக்கின்றனர். வழியிலே இடங்களைக் காட்டிக்கொண்டு போனால் நம்புகின்றனர்.

அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டாலன்றி இப்பயணம் ஒரு பகலில் அடங்காது. பேராதனைப் பாலம், கண்டி, மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் வாயிலில் ஒரு கும்பிடு, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய், திருக்கோணமலை என்பதே வழி. பள்ளியைவிட்டுப் புறப்பட்ட பஸ் வண்டியில் முதல் ஒரு மணி நேரம் பாட்டும் கூத்துமாக இருக்கும். மாத்தளை தாண்டுமுன் யாவரும் உறங்கிவிடுவர். இடையிலே சீகிரியாவுக்கும் பொலன்னறுவைக்கும் திரும்பிவிடும் ஆசை ஆசிரியருக்கு எழுவதுண்டு. அடக்கிக்கொள்ளல் வேண்டும். ஒரு நாளில் எல்லாவற்றையும் காட்ட முயல்வோர் பிள்ளைகளுக்கு பஸ் வண்டியின் உட்புறத்தையே காட்டுகின்றனர்.

கந்தளாய்க் குளக்கட்டில் மட்டும் ஒரு சிறு பொழுது நிற்றல் தகும். ஏழாம் நூற்றாண்டில் இரண்டாம் அக்கபோதி மன்னன் கட்டுவித்ததெனக் கூறப்படும் இக்குளம் 1986ஆம் ஆண்டு ஏப்ரில் 20ஆம் நாள் விடியற்காலையில் உடைப்பெடுத்து நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. பின்னர்த் திருத்திக் கட்டப்பட்டது. வழியோரக் கடைகளில் மண்சட்டியில் உறைந்த எருமைத்தயிர் கிடைக்கும். அதனைத் திரும்பும் வழியில் வாங்குதலே அறிவுடைமை.

இப்பயணத்தைப் பற்றி எழுதும்போது நம் பழைய மாணவருள் இரு தலைமுறையினருக்கிடையே உள்ள ஒரு வேறுபாட்டைச் சொல்லாமல் இருத்தல் இயலாது. 1983ஆம் ஆண்டுக்கு முன் கற்றவர்கள் இக்கரையை இயல்பாக அறிந்தவர்கள். விழாக்களில் அவர்களைச் சந்திக்கும்போது நிலாவெளியின் மணலையும் கோணேசர் கோயிலின் மணியோசையையும் பற்றிப் பேசுவர். அதன்பின் வந்த நாமோ, 2009 வரை அந்த வீதிகளைச் செய்தித்தாளிற் படித்தோமேயன்றி நடந்து கண்டோமில்லை. சோதனைச் சாவடிகளையும் மூடிய வீதிகளையும் கடந்து பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துச் செல்ல எந்த ஆசிரியர் துணிவார்? போதாக்குறைக்கு, 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்து நிலாவெளிக் கரையைச் சிதைத்துவிட்டது. நெய்தலைக் கற்பிக்கும் ஆசிரியரே நெய்தலைக் காணாது வளர்ந்த காலம் அது. ஒரு பகற்பயணத்துக்கு இத்துணை நீண்ட கட்டுரை எதற்கு என்று முதுமாணவர் எவரேனும் வினவின், நம் விடை இதுவே.

திருக்கோணமலையை அடைந்ததும் முதலிற் கோணேசர் மலைக்குச் செல்வது நம் வழக்கம். பிரட்றிக் கோட்டை வாயிலினூடே, மரநிழலில் மேயும் புள்ளிமான்களைக் கடந்து ஏறவேண்டும். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இடித்துத் தள்ளினர். 1956ஆம் ஆண்டில் மைக் வில்சனும் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் மலையடிக் கடலில் மூழ்கி அதன் தூண்களையும் கற்களையும் கண்டனர். இப்போதைய கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது 1963இல். திருஞானசம்பந்தர் இத்தலத்துக்கு நேரில் வராமல், இராமேச்சுரத்திலிருந்தே பதிகம் பாடினார் என்பது மரபு. அவர் பாடலில் சந்தனம், அகில், முத்து முதலியவற்றை அலைகள் கொணர்ந்து கரையிலே சேர்க்கின்றன. சந்தனமும் அகிலும் மலைபடு பொருள்களன்றோ? மலையில் விளைந்தது ஆற்றின்வழி கடல் சேர்ந்து, கடலலையால் மீண்டும் கரை சேர்வதை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். இன்றும் அலைகள் அவ்வாறே கொணர்கின்றன. கொணரும் பொருள்கள்தாம் வேறு: நெகிழிப் போத்தல்கள், அறுந்த செருப்புகள், மென்பானக் குவளைகள். பேராதனைப் பாலத்தடியில் எறியப்படுவது அங்கேயே கிடப்பதில்லை.

மலையுச்சியிலிருந்து தெற்கே நோக்கினாற் கொட்டியாரக் குடா தெரியும். 1660ஆம் ஆண்டில் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில மாலுமியும் அவர் தந்தையாரும் தோழரும் கண்டியரசனின் ஆட்களாற் சிறைப்பட்டது அக்குடாக்கரையிலேதான். மலைநாட்டுக் கிராமங்களிற் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1679இல் தப்பிச் சென்று, 1681இல் அவர் வெளியிட்ட நூல் அக்காலக் கண்டி இராச்சியத்தை அறிவதற்கு இன்றும் பயன்படுகின்றது. கடலோடியை மலைக்குக் கொண்டுபோன அவ்வழியை நாம் எதிர்த்திசையிற் சில மணி நேரத்திற் கடந்துவிட்டோம்.

நகரிலிருந்து வடக்கே செல்லும் கரையோர வீதியே இப்பயணத்தின் அழகிய பகுதி. உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி என்று ஊர்ப்பெயர்களே நெய்தல் நிலத்தைச் சொல்லிக்கொண்டு வருகின்றன. ஒருபுறம் உப்பங்கழி, மறுபுறம் பனைகளினூடே நீலக்கடல். நிலாவெளியில் இறங்கியதும் பிள்ளைகளை நேரே நீருக்கு ஓடவிடாது, கால்நாழிகை மணலைப் பார்க்கச் சொல்லுதல் நம் வழக்கம். ஊதா நிறப் பூவுடன் மணலைப் பற்றிப் படர்வது அடம்பு. அதன் இலை மானின் குளம்புபோல் இரண்டாகப் பிளந்திருப்பதைச் சங்கப் புலவர் கவனித்திருக்கின்றனர். பந்துபோன்ற முள்தலையுடன் காற்றில் உருண்டோடுவது இராவணன் மீசை என்னும் புல். இவ்விரண்டும் இல்லையேல் மணல்மேடு காற்றோடு போய்விடும். வேர்களால் மணலைக் கட்டி நிறுத்தும் வேலையை அவை செய்கின்றன. இலை தடித்தும் மெழுகு பூசியதுபோலும் இருப்பது உப்புக்காற்றில் நீரிழப்பைக் குறைப்பதற்கு. பாடத்திற் கருப்பொருள் என்று மனனம் செய்த பெயர்களுக்கு இவ்வாறு தொழில் உண்டென்று அறியும்போது பிள்ளைகளின் முகத்திலே தோன்றும் வியப்பைக் காண்பதற்காகவே இருநூறு கிலோமீற்றர் வரலாம்.

கரையிலே வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதிச்சீட்டைப் பெற்று, உயிர்காப்பு அங்கி அணிந்து வள்ளத்தில் ஏறினால் சிறிது நேரத்தில் தீவு. பெரியதும் சிறியதுமாக இரண்டு பாறைத்தீவுகளைச் சேர்த்தே புறாத்தீவு என்கின்றோம். பெரிய தீவும் ஏறக்குறைய இருநூறு மீற்றர் நீளமும் நூறு மீற்றர் அகலமுமே உடையது. நம் கல்லூரி விளையாட்டுத் திடலைச் சற்று நீட்டினாற் போன்றது. பாறையிடுக்குகளிற் கூடு கட்டும் மாடப்புறாக்களாற் பெயர் பெற்றது. நம் வீட்டுப் புறாக்களின் மூதாதை இப்புறாவே. ஆயினும் காட்டியல்பு மாறாது வாழும் இடங்கள் இலங்கையிற் சிலவே. ஆங்கிலேயர் காலத்தில் இத்தீவு துப்பாக்கிச் சுடுபயிற்சிக்கு இலக்காக இருந்தது. 1963இற் சரணாலயமாகவும், 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. சுற்றியுள்ள கடலையும் சேர்த்துப் பூங்காவின் பரப்பு 471 ஹெக்ரேயர். அதாவது, காக்கப்படுவதிற் பெரும்பகுதி நிலமன்று, நீர்.

நீருக்குள் அப்படி என்ன இருக்கின்றது? முருகைக்கற்பார். தீவின் வெண்மணலை ஒரு பிடி அள்ளி உற்று நோக்கினால் அது மலைநாட்டு ஆற்றுமணலைப் போன்றதன்று எனத் தெரியும். சிறு கிளைகள், துளைகள், விரல் எலும்பு போன்ற துண்டுகள் கலந்திருக்கும். யாவும் முருகைக்கல்லின் சிதைவுகள். முருகைக்கல்லைக் கல்லென்று அழைப்பது பாதி உண்மையே. பொலிப்பு என்னும் மிகச் சிறிய உயிர்கள் இலட்சக்கணக்கிற் கூடி, கடல்நீரிலுள்ள சுண்ணாம்பைக் கொண்டு தமக்குக் கட்டிக்கொள்ளும் வீடு அது. கல்லின் மேற்பரப்பில் மெல்லிய தோல்போல் அவ்வுயிர்கள் வாழ்கின்றன. அடியில் இருப்பது முன்னோர் விட்டுச்சென்ற சுவர். மான்கொம்புபோற் கிளைக்கும் வகை ஆண்டுக்குப் பத்துச் சென்ரிமீற்றரளவு வளர்வதுண்டு. உருண்டைப் பாறைபோல் வளரும் வகையோ ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றரளவே வளரும். மாணவனின் தலையளவான உருண்டை ஒன்று அவன் பிறக்குமுன்னரே வளரத் தொடங்கியதாக இருக்கலாம்.

பொலிப்பின் உடலுக்குள்ளே இன்னும் நுண்ணிய அல்காக்கள் குடியிருக்கின்றன. வீட்டையும் பாதுகாப்பையும் பொலிப்புத் தர, சூரிய ஒளியால் உணவாக்கி அதில் ஒரு பங்கை வாடகைபோல் அல்கா தருகின்றது. முருகையின் பழுப்பும் பசுமையும் பெரும்பாலும் இக்குடியிருப்பாளரின் நிறமே. ஒளி வேண்டுமாதலாற் பார் ஆழமற்ற தெளிநீரில் வளர்கின்றது. இதனாலன்றோ நீந்தத் தெரியாத மலைநாட்டுச் சிறுவனும், அங்கி அணிந்து முகக்கண்ணாடியை நீரிற் பதித்த அளவிலே அதனைக் காண முடிகின்றது! திருக்கோணமலைக் கடலில் நூறளவு முருகை வகைகளும் முந்நூறளவு பார்மீன் வகைகளும் பதிவாகியுள்ளன. அவற்றுட் பல இங்கே உண்டு. அழுங்காமையும் பேராமையும் வந்துபோகும். செதிளின் நுனி கருத்த சிறு சுறாக்கள் ஆழங்குறைந்த நீரில் உலாவும். அவை மனிதரைக் கண்டால் விலகிப்போவன. கிளிமீன் தன் அலகினால் முருகையைக் கொறித்து, அரைத்து, வெண்மணலாக வெளிவிடுகின்றது. நாம் காலாற உட்கார்ந்த வெண்மணலில் ஒரு பங்கு மீனின் வயிற்றின் வழியே வந்தது என்றறிந்ததும் சட்டென்று எழுந்துவிட்ட மாணவரும் உண்டு.

ஆழமற்ற நீரில் இருத்தலே இப்பாருக்கு அழகும் அதுவே ஆபத்தும். வற்று நேரத்தில் முழங்காலளவு நீரில் நிற்பவர் எதன்மீது நிற்கின்றார்? கிளைத்த முருகையின்மீது ஊன்றிய ஒரு குதிகால், பல ஆண்டு வளர்ச்சியை ஒரு நொடியில் முறித்துவிடும். 2009க்குப் பின் வீதிகள் திறந்து, நாட்டின் எல்லாப் பகுதியிலிருந்தும் மக்கள் மகிழ்ச்சியுடன் இத்தீவுக்கு வரத் தொடங்கினர். கால் நூற்றாண்டு மூடிக்கிடந்த கதவு திறந்த மகிழ்ச்சி அது. குறை கூற மனம் வரவில்லை. ஆயினும் போர்க்காலத்தில் எவரும் அணுகாதிருந்த பாரின்மேல் விடுமுறை நாள்களில் நூற்றுக்கணக்கான கால்கள் இறங்கின. ஒருமுறை, படம் எடுப்பதற்காக ஒரு குழுவினர் கைகோத்து முருகையின்மீதே வரிசையாக நின்றதைக் கண்டோம். அவர்கள் கொடியவரல்லர், தாம் நிற்பது கல்லென்றே எண்ணினர். நீருக்கடியிற் கேட்ட முறியும் ஓசை அவர்கள் காதுக்கு எட்டவில்லை.

மற்றொரு ஆபத்து வெப்பம். வழக்கமான கோடையின் உச்ச வெப்பத்தைவிட ஒரு பாகையளவு மிகுந்து கடல்நீர் சில வாரம் நின்றால், பொலிப்பு தன் குடியிருப்பாளரை வெளியேற்றிவிடுகின்றது. நிறமிழந்த முருகை வெளிறி நிற்கும். வெப்பம் விரைவில் தணியாவிடிற் பட்டினியால் மடியும். 1998ஆம் ஆண்டில் இவ்வெளிறல் இலங்கையின் மேற்கு, தெற்குக் கரைப் பார்களைப் பெரிதும் அழித்தது. புறாத்தீவு அப்போது தப்பியது. அதனாலேயே எஞ்சிய நல்ல பார்களுள் ஒன்றாக அது மதிக்கப்படுகின்றது. 2024ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில், உலகக் கடல்களில் நான்காவது முறையாகப் பெருவெளிறல் பரவுவதாக அறிவியலாளர் அறிவித்தனர். கடலின் வெப்பத்தைத் தணிப்பது நம் கையில் இல்லை; குதிகால் நம்முடையது. வெப்பத்தால் தளர்ந்து மீளமுயலும் பாருக்கு முறிவும் சேர்ந்தால், மீட்சி அரிதாகும் என்பதை மாணவரும் எளிதில் உணர்கின்றனர்.

ஆதலால் நாம் சில முறைகளைக் கைக்கொள்கின்றோம். முதல் நாளே வகுப்பில் முருகையின் வாழ்க்கையைப் படம் வரைந்து விளக்குகின்றோம். கடலைக் கண்ட பிள்ளையின் காதிற் பாடம் ஏறாது. தீவில் பத்துப் பேராகவே நீரில் இறங்குதல். மற்றவர் மணலில் இருந்து பறவைகளைக் குறித்தல். மணல் உள்ள இடத்திலே மட்டும் கால் ஊன்றுதல். பாரின்மேல் மிதந்தே செல்லுதல். வெயிலுக்குக் களிம்பு பூசுவதைவிட நீண்ட கைச்சட்டை அணிதல். சில களிம்புகளிலுள்ள இரசாயனம் முருகைக்குத் தீங்கென்று 2018இல் ஹவாய்த் தீவுகளிற் சட்டமே இயற்றினர். சோற்றுப்பொதியை வாழையிலையிற் கட்டிவருமாறு தாய்மாரைக் கேட்டுக்கொள்கின்றோம். தீவில் ஒன்றையும் எடுப்பதில்லை, சிப்பியையும் முருகைத் துண்டையும் கூட. இதுதான் பிள்ளைகளுக்கு மிகக் கடினம். திரும்பும் வள்ளத்தில் ஏறுமுன் சட்டைப்பைகளைச் சோதிக்கும் வேலை நமக்கு ஒருபோதும் வீண்போனதில்லை.

காலையில் அடங்கியிருக்கும் கடலில், பிற்பகலில் நிலம் சூடேறிய பின் கரைநோக்கிக் காற்றெழுந்து சிற்றலைகள் தோன்றும். ஆகையால் ஒரு மணிக்குமேல் தீவில் தங்குவதில்லை. நிலாவெளி மணலில் உணவை முடித்துச் சற்று இருந்தால், வெயில் சாயச் சாயப் பனைகளின் நிழல் நீண்டு கடலை நோக்கிச் செல்வதைக் காணலாம். நெய்தலுக்குரிய சிறுபொழுதாகிய எற்பாடு ஞாயிறு படும் பிற்பகலா, அன்றிக் காலையா என்று அறிஞர் வாதிட்டிருக்கின்றனர். ஞாயிறு கடலில் எழுந்து நிலத்தில் மறையும் இக்கீழ்க்கரையில் இருந்துகொண்டு அவ்வாதத்தை மாணவருக்கு எடுத்துரைத்தால், இருவேறு கட்சியாய்ப் பிரிந்து பஸ் வண்டி வரும்வரை வாதிடுவர். நாம் தீர்ப்புச் சொல்வதில்லை.

உடம்பிற் படிந்த உப்பைக் கழுவ, கன்னியா வெந்நீர்க் கிணறுகள் வழியிலிருந்து சற்று விலகி உள்ளன. ஏழு கிணறுகள்; ஒவ்வொன்றிலும் வெப்பம் சிறிது மாறுபடும். எரிமலை எதுவும் அங்கில்லை. மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழத்துக்கு இறங்கி, நிலத்தின் உள்வெப்பத்தைப் பெற்று மேலே வருகின்றது. இராவணன் தாய்க்குச் செய்த கடனோடு இணைத்துச் சொல்லும் கதையும் உண்டு. இன்றும் அங்கே பிதிர்க்கடன் செய்வோர் உளர். ஆதலால் ஆரவாரமின்றி நீராடுமாறு பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தல் நன்று.

மாலை நான்கரை மணிக்குமேல் அங்கே நிற்றல் ஆகாது. ஹபரணைக் காட்டுவழியில் அந்தி கழிந்தபின் யானைகள் வீதிக்கு வருவதுண்டு. அவற்றுக்கு வழிவிட்டு, விளக்கைத் தணித்து, ஒலியெழுப்பாது காத்து நிற்கவேண்டும். கந்தளாய்த் தயிர்ச்சட்டிகளை வைக்கோலிற் பொதிந்து இருக்கைகளின் கீழே வைத்தல் பாதுகாப்பானது. மாத்தளைக்கு மேல் வளைவுகள் தொடங்குமுன் அவற்றை ஒருமுறை பார்த்துக்கொள்க.